இசை இதழின் அட்டையும் பேட்டியும் உருவாகும் விதம்

இசைக்கென நடத்தப்படும் பத்திரிகை, தான் பேச வந்த பொருளைத் தன் பக்கங்களில் காட்ட முடியாத பத்திரிகை ஆகும். நாவலைப் பற்றி எழுதுபவர் அந்த நாவலிலிருந்து ஒரு பத்தியை எடுத்துத் தரலாம். ஓவியத்தைப் பற்றி எழுதுபவர் ஓவியத்தையே அச்சிடலாம். பாட்டைப் பற்றி எழுதுபவரின் கையில் இருப்பதோ பாடியவரின் முகமும் பேச்சும் மட்டுமே. இதனால்தான் இசை இதழ்களில் அட்டைப்படமும் கலைஞரின் பேட்டியும் வேறெந்த வகை இதழிலும் இல்லாத முக்கியத்துவத்தைப் பெற்றன. இவ்விரண்டையும் இருவேறு துறைகளின் வேலையாகக் கருதி, ஒருபுறம் நிழற்படக் கலைஞரும் மறுபுறம் எழுத்தாளரும் தத்தம் பங்கை முடித்துத் தந்தபின் ஒட்டிவிடலாம் என்று நினைக்கும் இதழ்கள் பெரும்பாலும் தோற்றன. அட்டை வாசகருக்குத் தரும் வாக்கை உள்பக்கம் நிறைவேற்றும்படி இரண்டையும் ஒரே சிந்தனையில் திட்டமிட்ட இதழ்களே நினைவில் நின்றன. இதை விளக்குவதற்கு அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழைப்போலப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை.

இசைப் பத்திரிகை ரோலிங் ஸ்டோனுடன் தொடங்கியதன்று. பிரிட்டனில் ‘மெலடி மேக்கர்’ 1926 முதலும், சிகாகோவில் ஜாஸ் இசைக்கான ‘டவுன் பீட்’ 1934 முதலும் வெளிவந்தன. 1952இல் தொடங்கிய ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனின் முதல் இசைத்தட்டு விற்பனைத் தரவரிசையை வெளியிட்டது. ஆயினும், ராக் இசையை ஒரு தலைமுறையின் அரசியலோடும் வாழ்க்கைமுறையோடும் சேர்த்துப் பேசவேண்டும் என்ற எண்ணத்தோடு சான் பிரான்சிஸ்கோ நகரில் 21 வயது இளைஞரான யான் வென்னரும், ‘சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ நாளேட்டில் ஜாஸ் விமர்சகராகப் பெயர்பெற்றிருந்த ரால்ஃப் கிளீசனும் தொடங்கிய இதழ் அந்த மரபையே திசைதிருப்பியது. உறவினரிடமும் நெருங்கியவர்களிடமும் திரட்டிய 7,500 டாலரே அதன் முதலீடு. 1967 நவம்பர் 9 என்று தேதியிட்ட முதல் இதழ் செய்தித்தாள் காகிதத்தில், 25 சென்ட் விலையில் வந்தது. அதன் பெயரெழுத்தை அந்நகரத்தின் இசைநிகழ்ச்சிச் சுவரொட்டிகளை வரைந்துவந்த ரிக் கிரிஃபின் அமைத்தார். அட்டையில் போர்வீரனின் தலைக்கவசத்தோடு பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன் இருந்தார். ஆனால் அது அந்த இதழுக்கென்று எடுக்கப்பட்ட படமன்று, ‘ஹவ் ஐ வன் த வார்’ என்ற திரைப்படத்தின் காட்சிப்படம். இசை, திரைப்படம், போருக்கு எதிரான மனநிலை ஆகிய மூன்றும் ஒரே படத்தில் கூடிவந்ததால், வேறொரு காரியத்துக்காக எடுக்கப்பட்ட படமே அந்த இதழின் கொள்கை அறிக்கைபோல அமைந்துவிட்டது. திட்டமிடல் பின்னர் வந்தது. எதைத் தேடித் திட்டமிடவேண்டும் என்பதை அந்த முதல் அட்டை சொல்லிவிட்டிருந்தது.

அட்டைக்கு யாரைத் தேர்வது என்ற கேள்வியில்தான் ஆசிரியர் குழுவின் வேலை தொடங்குகிறது. புகழ் ஒன்றே அளவுகோல் என்றால் இந்த வேலை எளிது. ஆனால் எப்போதும் புகழோடு இருப்பவரை எந்த மாதத்தில் அட்டையில் போட்டாலும் ஒன்றுதான் என்பதால், ‘ஏன் இப்போது’ என்ற கேள்விக்கு விடை இருந்தாகவேண்டும். புதிய இசைத்தொகுப்பு வெளியாவது, நெடுநாள் மௌனத்துக்குப் பிறகு ஒருவர் திரும்பி வருவது, ஒரு குழு உடைவது போன்ற திருப்பங்களே அந்த விடையாகின்றன. இங்கே காலக்கணக்கு குறுக்கிடுகிறது. மாத இதழ் ஒன்றின் பக்கங்கள் கடைக்கு வருவதற்குப் பல வாரங்கள் முன்பே முடிக்கப்பட்டு அச்சகத்துக்குப் போய்விடும். ஆகவே இசைத்தொகுப்பு வெளியாகும் வாரத்தில் அட்டையும் வெளிவரவேண்டுமானால், உலகம் கேட்பதற்கு முன்பே அந்த இசையைக் கேட்டு, கலைஞரைச் சந்தித்து, படமெடுத்து முடித்திருக்கவேண்டும். இதற்கு இசைத்தட்டு நிறுவனத்தின் ஒத்துழைப்பும், கலைஞரின் சார்பாகப் பத்திரிகைகளோடு பேசும் செய்தித் தொடர்பாளரின் ஒப்புதலும் தேவை. அவர் தருவது சும்மா கிடைப்பதில்லை. எத்தனை மணி நேரம், எந்த இடத்தில், எந்தக் கேள்விகளைத் தவிர்த்து, எந்தத் தேதிக்கு முன் வெளியிடாமல் என்ற நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வரும். அட்டை உறுதி என்று எழுதிக் கொடுத்தால்தான் பேட்டி என்பதும் அவற்றுள் ஒன்று. இதற்கு இணங்கும் ஆசிரியர், பேட்டி எப்படி அமைந்தாலும் அட்டையை மாற்ற முடியாத நிலைக்குத் தம்மைத் தாமே கொண்டுபோய் நிறுத்திக்கொள்கிறார்.

அட்டையில் இடம்பெறுவதற்கு எத்தகைய மதிப்பு உருவாகியிருந்தது என்பதை 1972ஆம் ஆண்டின் ஒரு பாட்டு காட்டும். ‘டாக்டர் ஹுக்’ என்ற குழு, ரோலிங் ஸ்டோன் அட்டையில் தங்கள் படம் வரவேண்டும் என்ற ஏக்கத்தையே பொருளாக வைத்து, கவிஞர் ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதிய பாட்டைப் பாடிப் புகழ்பெற்றது. 1973 மார்ச் 29 இதழின் அட்டையில் அவர்கள் உண்மையிலேயே இடம்பெற்றார்கள். நிழற்படமாக அல்லாமல் கேலிச்சித்திரமாக, குழுவின் பெயர்கூடக் குறிப்பிடப்படாமல். ஆசிரியர் குழு அந்த ஏக்கத்தை மதித்தது. அதே வேளையில் அட்டையைக் கேட்டு வாங்க முடியாது என்பதையும் உணர்த்தியது.

அடுத்தது அட்டையின் அமைப்பு. இதழின் பெயர் அச்சிடப்படும் மேற்பகுதியும், உள்ளே இருக்கும் கட்டுரைகளை அறிவிக்கும் தலைப்பு வரிகளும், படமும், விலையும், பட்டைக்கோடும் ஒரே தாளில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. கடைகளில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவோ பக்கவாட்டில் மறைந்தோ அடுக்கப்படுவதால், மேல்பகுதியும் இடது ஓரமும் மட்டுமே வாங்குபவரின் கண்ணில் படும் என்று கொண்டு, முக்கியமான சொற்களை அங்கே வைப்பது ஆங்கில இதழ்களின் வழக்கம். கலைஞரின் தலை இதழின் பெயரை ஓரளவு மறைக்கும்படி வைப்பதும் பரவலான உத்தி. இரண்டு எழுத்து மறைந்தாலும் வாசகர் பெயரைப் படித்துவிடுவார் என்ற நம்பிக்கை உள்ள இதழ்தான் இதைச் செய்யலாம்; புதிதாக வந்த இதழ் செய்தால் பெயரையே இழக்கும். படத்தில் இருப்பவர் வாசகரை நேராகப் பார்க்கவேண்டும் என்பது இன்னொரு விதி. கடைக்கு முன்னால் சில நொடிகளே நிற்பவரைத் தடுத்து நிறுத்த, பார்க்கும் கண்களைவிட வலிமையானது இல்லை என்பதே அதன் காரணம். இந்த விதிகளெல்லாம் அனுபவத்தில் விளைந்தவை. ஆயினும் இசை இதழ்களின் மிகச்சிறந்த அட்டை இவற்றுள் பெரும்பாலானவற்றை மீறிய அட்டை என்பதைப் பின்னர் காணலாம்.

அட்டை என்ற இடத்துக்கே ஒரு பொருள் உண்டு என்பதையும் ஆசிரியர்கள் மறக்கக்கூடாது. 2013 ஆகஸ்ட் 1 தேதியிட்ட ரோலிங் ஸ்டோன், பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான இளைஞரின் படத்தை அட்டையில் வெளியிட்டது. உள்ளே இருந்தது பொறுப்போடு எழுதப்பட்ட புலனாய்வுக் கட்டுரை. அதே படம் முன்னரே ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டின் முதல் பக்கத்தில் வெளியாகி, பெரிய எதிர்ப்பு எதையும் எழுப்பவில்லை. ஆனால் கலைந்த முடியும் மென்மையான பார்வையுமாக இருந்த அந்த முகம், நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் பாடகர்கள் இருந்த இடத்தில் வந்தபோது மக்கள் அதைப் பாடகரின் படமாகவே பார்த்தார்கள். பெரிய கடைத்தொடர்கள் அந்த இதழை விற்க மறுத்தன; பாஸ்டன் நகர மேயர் கண்டித்துக் கடிதம் எழுதினார். படத்தின் மேலேயே கண்டனச் சொல் அச்சிடப்பட்டிருந்தும் பயனில்லாமல் போயிற்று. நாளேட்டின் முதல் பக்கம் செய்தியைச் சொல்கிறது, இசை இதழின் அட்டையோ ஒருவரைக் கொண்டாடுகிறது என்ற பழக்கம் சொற்களைவிட ஆழமாக வேரூன்றியிருந்தது.

அட்டையும் பேட்டியும் ஒன்றையொன்று தாங்குவதன் உச்சநிலையை 1980ஆம் ஆண்டின் இறுதியில் காணலாம். 1975க்குப் பிறகு ஐந்தாண்டு காலம் பொதுவாழ்வை விட்டு விலகி மகனை வளர்த்துவந்த ஜான் லென்னன், மனைவி யோகோ ஓனோவோடு சேர்ந்து உருவாக்கிய ‘டபுள் ஃபேண்டஸி’ என்ற இசைத்தொகுப்பை அந்த நவம்பரில் வெளியிட்டார். ‘ஏன் இப்போது’ என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இருக்க முடியாது. ரோலிங் ஸ்டோன் தன் எழுத்தாளர் ஜொனாதன் காட்டை டிசம்பர் 5 அன்று நியூயார்க்கில் அவரைச் சந்திக்க அனுப்பியது. உரையாடல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நீண்டது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று, நிழற்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் அவர்கள் வாழ்ந்த டகோட்டா கட்டடத்துக்குச் சென்றார்.

இதழ் விரும்பியது லென்னன் மட்டும் இருக்கும் படம். தாம் மட்டும் தனியாக அட்டையில் இருக்க லென்னன் ஒப்பவில்லை. இசைத்தொகுப்பு இருவருடையது, அட்டையும் இருவருடையதாக இருக்கவேண்டும் என்பது அவர் நிலை. இருவரும் முத்தமிடும் இசைத்தொகுப்பின் உறைப்படத்தை மனத்தில் வைத்து, ஆடையில்லாமல் அணைத்துக்கொண்டிருக்கும் இருவரைப் படமெடுக்க லீபோவிட்ஸ் எண்ணியிருந்தார். ஓனோ ஆடையைக் களைய விரும்பவில்லை. அவர் கறுப்பு மேலாடையும் ஜீன்ஸுமாக அப்படியே இருக்கட்டும் என்று லீபோவிட்ஸ் முடிவுசெய்தார்; லென்னன் ஆடையில்லாமல், கருவிலுள்ள குழந்தையைப்போல உடலைச் சுருட்டி, தரையில் படுத்திருந்த மனைவியைப் பற்றிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டார். முதலில் உடனடியாகத் தெரியும் போலராய்டு படம் எடுத்துக் காட்டப்பட்டது. தங்கள் உறவு அதில் அப்படியே வந்திருப்பதாக இருவரும் உணர்ந்தார்கள். மூவரின் விருப்பமும் மோதி, ஒருவரும் முன்கூட்டி நினைத்திராத படம் பிறந்தது. திட்டமே இல்லாதிருந்தால் மோதுவதற்கு எதுவும் இருந்திராது. திட்டத்தைப் பிடிவாதமாகக் காப்பாற்றியிருந்தால் இந்தப் படம் கிடைத்திராது.

அன்றிரவே டகோட்டா கட்டடத்தின் வாயிலில் லென்னன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1981 ஜனவரி 22 தேதியிட்ட இதழ் நினைவிதழாக மாறியது. அட்டையில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு வென்னர் கண்ட விடை, எதையும் எழுதாமல் விடுவது. இதழின் பெயருக்குக் கீழே லென்னனின் பெயர் இல்லை, பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவிப்பும் இல்லை. லென்னன் வாசகரைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் மூடியிருக்கின்றன. விற்பனைக்கான விதிகள் பெரும்பாலும் கைவிடப்பட்ட அந்த அட்டையை, அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் 2005இல் அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளின் மிகச்சிறந்த இதழட்டையாகத் தேர்ந்தெடுத்தது. இரண்டாம் இடம் பெற்ற அட்டையும் லீபோவிட்ஸ் எடுத்ததே. சொற்கள் இல்லாத அட்டை எப்போதும் சிறந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. வாசகர் ஏற்கெனவே அறிந்த துயரத்தை அவருக்கே அறிவிக்கவேண்டிய தேவை அந்த வாரத்தில் இல்லை. ஆகவே தலைப்பு வரி செய்யவேண்டிய வேலையை நிகழ்ச்சியே செய்து முடித்திருந்தது.

இனிப் பேட்டிக்கு வரலாம். இசைக் கலைஞரின் நீண்ட கேள்வி-பதில் பேட்டிக்கு இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று, 1953 முதல் எழுத்தாளர்களின் தொழில்நுட்பத்தை விரிவாகக் கேட்டுப் பதிவுசெய்த ‘பாரிஸ் ரிவ்யூ’ இலக்கிய இதழ். மற்றொன்று ‘பிளேபாய்’ இதழ் 1962 செப்டம்பரில் தொடங்கிய பேட்டி வரிசை. அதன் முதல் பேட்டியே ஜாஸ் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸுடன் நிகழ்ந்தது, பின்னாளில் ‘ரூட்ஸ்’ நாவலால் உலகப்புகழ் பெற்ற அலெக்ஸ் ஹேலி அதை எடுத்தார். இசையைவிட அமெரிக்காவில் கறுப்பின மனிதராக வாழ்வதைப் பற்றியே டேவிஸ் அதில் மிகுதியாகப் பேசினார். இசைக் கலைஞரிடம் இசையை மட்டும் கேட்கவேண்டியதில்லை, அவர் தம் காலத்தைப் பற்றிய சாட்சியாகவும் பேச வல்லவர் என்பதை அந்தப் பேட்டி நிறுவியது.

பேட்டியின் வடிவத்தைத் தேர்வது அழகு சார்ந்த முடிவாகத் தோன்றினாலும் அது அதிகாரம் சார்ந்த முடிவு. கேள்வி-பதில் வடிவத்தில் கலைஞரின் பேச்சு தொடர்ச்சியாக வருகிறது. எழுத்தாளர் பின்னால் நிற்கிறார். விவரிப்புக் கட்டுரை வடிவத்திலோ எழுத்தாளரே கதைசொல்லி. கலைஞர் சொன்னவற்றில் எந்த வரியை எடுப்பது, அதற்கு முன்னும் பின்னும் எந்தக் காட்சியை வைப்பது என்பதெல்லாம் அவர் கையில். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு முதல் வடிவமும், சொல்லைவிடச் செயலால் வெளிப்படுபவருக்கு இரண்டாம் வடிவமும் பொருந்தும். ஆனால் ஒப்பந்தப்படி கிடைத்த நேரம் விடுதி அறையில் நாற்பது நிமிடம்தான் என்றால், காட்சிகளால் ஆன கட்டுரை எழுத வழியே இல்லை; நிபந்தனை பேசும்போதே வடிவமும் தீர்மானமாகிவிடுகிறது. கேள்விகளைத் தயாரிப்பதில் செலவிடும் உழைப்பு பேட்டி நேரத்தைவிடப் பலமடங்கு நீளமானது. முந்தைய பேட்டிகளை எல்லாம் படித்தவருக்கே, கலைஞர் நூறு முறை சொல்லித் தேய்ந்துபோன பதிலை மீண்டும் சொல்லத் தொடங்கும் தருணம் புலப்படும். அங்கே மெல்லக் குறுக்கிட்டு வேறு வழிக்குத் திருப்ப அவரால்தான் முடியும்.

பேட்டியால் ஓர் இதழ் உயர்வதையும், அதே பேட்டியால் உறவு முறிவதையும் 1970ஆம் ஆண்டு காட்டியது. பீட்டில்ஸ் குழு உடைந்த ஆண்டு அது. டிசம்பர் 8 அன்று, தம் இறப்புக்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், லென்னன் நியூயார்க்கில் வென்னரோடு பல மணி நேரம் பேசினார். குழுவின் உட்பூசல், பழைய நண்பர்கள் மீதான கசப்பு, புகழின் சுமை ஆகியவற்றை அவர் அதுவரை எந்த ராக் கலைஞரும் அச்சில் பேசியிராத வெளிப்படையோடு பேசினார். 1971 ஜனவரி 21, பிப்ரவரி 4 ஆகிய இரு இதழ்களில் அந்தப் பேட்டி வெளிவந்தது. வென்னரோடு அப்போது படமெடுக்கச் சென்றவர், அந்த இதழுக்கு இன்னும் புதியவராக இருந்த 21 வயது ஆனி லீபோவிட்ஸ். முதல் பகுதி வெளியான இதழின் அட்டையில் லென்னனின் முகத்தை நெருக்கத்தில் காட்டும் அவருடைய படமே இடம்பெற்றது. அலங்காரமோ பாவனையோ இல்லாத அந்தக் கறுப்பு-வெள்ளை முகமும், உள்ளே இருந்த அலங்காரமற்ற பேச்சும் ஒரே குணம் உடையவை. ஆனால் வென்னர் அப்பேட்டியை அதே ஆண்டில் லென்னனின் விருப்பத்துக்கு மாறாக நூலாகவும் வெளியிட்டார். லென்னனோடு கொண்டிருந்த நட்பு அதனால் முறிந்தது. ஒருவர் மனம் திறந்து பேசிய பேச்சு எத்தனை முறை, எந்த வடிவில் அச்சேறலாம் என்பதைப் பேட்டிக்கு முன்பே பேசி முடிவுசெய்யவேண்டும் என்ற பாடத்தை இசைப் பத்திரிகை உலகம் இப்படி ஒரு நட்பை இழந்து கற்றது.

பேச்சை வெட்டி ஒட்டுவதில் உள்ள ஆபத்துக்கு, ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, இளம் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்த மாதங்கி அருள்பிரகாசம் சான்றாவார். ‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரில் உலகறிந்த இந்தப் பாடகரைப் பற்றி 2010 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் ஞாயிறு இதழ் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. தம்மை விளிம்பில் நிற்பவராக அவர் சொல்லிக்கொண்டே விலை உயர்ந்த உருளைக்கிழங்கு வறுவலைச் சுவைத்தார் என்ற ஒரு வரி, ஈழத்தைப் பற்றிய அவருடைய அரசியல் பேச்சு முழுவதையும் போலியாகத் தோன்றச் செய்தது. எம்.ஐ.ஏ. தாமும் அந்த உரையாடலை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். அதை வெளியிட்டபோது, அந்த உணவைத் தருவிக்கச் சொன்னவர் எழுத்தாளரே என்பது கேட்டது. வேறோர் இடத்தில் எம்.ஐ.ஏ. தனித்தனியாகச் சொன்னவை வரிசை மாற்றி ஒன்றாகத் தரப்பட்டிருந்ததும் வெளிப்பட, நாளேடு ஆசிரியர் குறிப்பு ஒன்றை வெளியிட்டு அதை ஒப்புக்கொண்டது. பேட்டியைச் சுருக்குவது தவிர்க்க முடியாதது. தயங்கித் தயங்கிச் சொன்னதைச் சீர்படுத்துவதும் ஏற்கத்தக்கதே. ஆனால் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குச் சொன்ன விடைகளை ஒரே விடையாக இணைப்பதும், காட்சியில் தம் பங்கை மறைத்துக் கலைஞரின் பங்கை மட்டும் காட்டுவதும் அவர் சொல்லாததைச் சொல்லவைப்பதாகும். போராலும் இடப்பெயர்வாலும் உருவான ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை.

படமும் பேச்சும் கையில் வந்தபின் அவற்றைப் பக்கத்தில் அமர்த்தும் வேலை வடிவமைப்பாளருடையது. இதழின் எல்லாப் பக்கங்களையும் சிறுகட்டங்களாக ஒரே தாளில் வரைந்து, எது எங்கே வரும், விளம்பரம் எங்கே குறுக்கிடும் என்று குறிக்கும் பக்கத்திட்டம் முதலில் தயாராகும். பேட்டி பொதுவாக இரட்டைப் பக்கத்தில் தொடங்கும். இதழை விரித்தால் எதிரெதிரே தெரியும் இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்ததே இரட்டைப் பக்கம். வாசகர் இதை ஒரே பரப்பாகப் பார்த்தாலும் அச்சகத்தில் அது ஒரே பரப்பு அன்று. பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அச்சிட்டு மடித்து, நடுவில் பின் அடித்து இதழைக் கட்டும்போது, சரியாக நடுவில் விழும் இரட்டைப் பக்கம் மட்டுமே ஒரே தாளாக இருக்கும். மற்ற இரட்டைப் பக்கங்களின் இடப்பாதி ஒரு தாளிலும் வலப்பாதி வேறொரு தாளிலும் அச்சாகின்றன. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் அளவு இரு தாள்களுக்கிடையே சற்று வேறுபட்டாலும், நடுமடிப்பைக் கடந்து செல்லும் முகத்தின் ஒரு கன்னம் சிவந்தும் மறு கன்னம் வெளிறியும் போய்விடும். ஆகவே கலைஞரின் கண்ணும் வாயும் மடிப்பில் விழாமல் ஒருபுறமாகத் தள்ளி வைப்பதும், மடிப்பில் வெறும் சுவரோ வானமோ வரும்படி பார்த்துக்கொள்வதும் அடிப்படைப் பாடம். இது படமெடுக்கும் நாளிலேயே நிழற்படக் கலைஞருக்குச் சொல்லப்படவேண்டும். அட்டைக்கு நெடுக்கான படம் தேவை, அதுவும் மேலே இதழின் பெயருக்கு இடம்விட்டு. இரட்டைப் பக்கத்துக்கோ அகலமான படம் தேவை, அதுவும் ஒருபுறம் எழுத்துக்கு இடம்விட்டு. இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவைக்காத இதழ், பின்னர் நெடுக்கான படத்தைக் குறுக்காக வெட்டி ஒப்பேற்றும் நிலைக்கு ஆளாகும்.

தலைப்புக்குக் கீழே ஓரிரு வரிகளில் பேட்டியின் சூழலைச் சொல்லும் முன்குறிப்பும், பேச்சிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் பெரிய எழுத்தில் தனியே காட்டும் மேற்கோளும் வாசகரை உள்ளே இழுக்கும் வாயில்கள். மேற்கோளைத் தேர்வதில் பல இதழ்கள் அவசரப்படுகின்றன. எது அதிர்ச்சி தருமோ அதை எடுப்பது எளிது. ஆனால் மொத்தப் பேட்டியையும் படிக்காத வாசகர் பலர் அந்த ஒரு வரியையே கலைஞரின் கருத்தாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், அது பேட்டியின் போக்குக்கு உண்மையாக இருக்கவேண்டிய கடமை உண்டு.

எழுத்துருவும் பேசும் என்பதைப் பிரிட்டனின் ‘தி ஃபேஸ்’ இதழில் 1981 முதல் 1986 வரை கலை இயக்குநராக இருந்த நெவில் பிராடி காட்டினார். தலைப்பெழுத்துகளைத் தாமே வடிவமைத்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிக் குரல் கொடுத்தார். கலிபோர்னியாவில் 1992இல் தொடங்கிய ‘ரே கன்’ இதழில் டேவிட் கார்சன் இதை எல்லை கடந்து கொண்டுபோனார். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, பத்திகள் பக்கத்தின் ஓரத்தில் அறுந்தன. 1994இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சுவையற்று இருப்பதாகக் கருதிய கார்சன், அம்புக்குறியும் நட்சத்திரமும் போன்ற குறியீடுகள் மட்டுமே கொண்ட ‘ஜாஃப் டிங்பேட்ஸ்’ என்ற எழுத்துருவில் அதை முழுவதுமாக அமைத்துவிட்டார். எவராலும் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாத அந்தப் பேட்டி, படிக்கத்தக்க எழுத்தில் அதே இதழின் பின்பகுதியில் மீண்டும் தரப்பட்டது. வடிவமைப்பு வரலாற்றில் இது துணிச்சலான செயலாகப் போற்றப்படுகிறது. கார்சனின் மேதைமையை மறுக்கவேண்டியதில்லை. இரைச்சலும் தாறுமாறும் மிகுந்த அக்காலத்து இசையின் உணர்வை அவருடைய பக்கங்கள் வேறெவரையும்விடக் கூர்மையாகப் பிடித்தன. ஆனாலும் கேள்விக்கு விடை சொல்ல ஒப்புக்கொண்ட மனிதரின் சொற்களைப் படிக்க முடியாமல் செய்வது, விருந்துக்கு அழைத்தவரை வாயிலிலேயே நிறுத்துவது போன்றது. பேட்டி சுவையற்று இருந்தால் அதைச் சுருக்கலாம், கைவிடலாம்; மீண்டும் சந்தித்து நல்ல கேள்விகளைக் கேட்கலாம்.

இன்று இதழுக்கும் கலைஞருக்கும் இடையிலான சமநிலை வேறு திசையில் சாய்ந்திருக்கிறது. தம் படத்தையும் செய்தியையும் தாமே நேரடியாகக் கோடிக்கணக்கானவர்களிடம் சேர்க்க வல்ல கலைஞருக்கு இதழின் அட்டை முன்போலத் தேவைப்படுவதில்லை. அமெரிக்க ‘வோக்’ இதழின் 2015 செப்டம்பர் அட்டையில் வந்த பாடகர் பியான்சே, உள்ளே பேட்டியே தரவில்லை. 2018 செப்டம்பரில் அதே இதழின் அட்டைக்கு 23 வயதான டைலர் மிட்செல் அவரைப் படமெடுத்தார். அந்த இதழின் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றில் அட்டைப்படம் எடுத்த முதல் கறுப்பின நிழற்படக் கலைஞர் அவர். அது மகிழத்தக்க மாற்றம். ஆனால் அந்த இதழிலும் கேள்விகள் இல்லை. தம்மைப் பற்றி பியான்சே தம் சொற்களில் சொன்னவை மட்டுமே அச்சாயின. தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் உரிமை கலைஞருக்கு உண்டு, அதிலும் நெடுங்காலம் பிறர் சொல்லக் கேட்டவர்களுக்கு அது கூடுதலாகவே உண்டு. அதே வேளையில், குறுக்கே ஒருவர் கேள்வி கேட்டதால் மட்டுமே மைல்ஸ் டேவிஸும் லென்னனும் சொன்னவை வெளிவந்தன என்பதும் உண்மை. தாமாக எழுதியிருந்தால் அவற்றுள் பாதியையும் அவர்கள் எழுதியிருக்கமாட்டார்கள்.

கேட்டுப் பதிவுசெய்த பேச்சு அச்சேறிய அளவோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் திட்டமிடுபவர்கள் கணக்கில் கொள்ளவேண்டும். நிமிடத்துக்கு 120 சொற்கள் என்று வைத்துக்கொண்டாலே, ஜொனாதன் காட் லென்னனோடு நடத்திய ஒன்பது மணி நேர உரையாடல் அறுபதாயிரம் சொற்களைத் தாண்டும். எந்த இதழும் தன் பேட்டிக்கு ஒதுக்கும் பக்கங்களில் அதன் சிறு பகுதியே அடங்கும். 1981இன் நினைவிதழில் சில பகுதிகளே இடம்பெற்றன. மீதி ஒலிநாடாக்களில் ஜொனாதன் காட்டின் வீட்டு அலமாரியில் கிடந்து, லென்னன் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆன 2010இல்தான் ரோலிங் ஸ்டோனில் விரிவாக வெளிவந்தது. அந்த நாடாக்கள் அழிக்கப்பட்டிருந்தாலோ அவற்றின் மேலேயே வேறொரு பேட்டி பதிவுசெய்யப்பட்டிருந்தாலோ, லென்னன் தம் கடைசி நாட்களில் ஒரு பத்திரிகையாளரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசியவற்றின் பெரும்பகுதி அவரோடே போயிருக்கும். ஆகவே பேட்டி முடிந்த மறுநாள் செய்யவேண்டிய வேலைகளின் வரிசையில், மூலப் பதிவைத் தேதியும் இடமும் எழுதி இரண்டு பிரதிகளாகப் பாதுகாப்பதும், பயன்படுத்தாத படங்களின் நெகட்டிவுகளையும் கோப்புகளையும் ஒழுங்காக அடுக்கிவைப்பதும் பக்க வடிவமைப்புக்கு முன்பாகவே இடம்பெறவேண்டும்.